பசை போடாதே இந்திரா

பாலக்கோடு
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள இந்திரா,

நேற்று போனில் நீ பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. கீழ்ப் பல்செட்டில் கீறல் விழுந்திருக்கிறது, முன்பல் ஒன்று கழன்று கையோடு வந்துவிட்டது, மாப்பிள்ளை "இதுக்கெதுக்கு டாக்டர், நானே ஒட்டித் தர்றேன் அத்தை" என்று பசை வாங்கி வந்திருக்கிறார். இந்த மூன்றும் புரிந்தது, அதற்குள் உன் பேரன் போனைப் பிடுங்கிவிட்டான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பேத்தி இதைப் போட்டோ எடுத்து உனக்கு வாட்ஸப்பில் அனுப்புவாள், எழுத்து சின்னதாகத் தெரிந்தால் விரலால் பெரிதாக்கிப் படி.

பசை போடாதே. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஊர்க்கதை அப்புறம். எங்கேயோ படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று நினைக்காதே, போட்டுப் பட்டவள் சொல்கிறேன்.

உன்னிடம்கூட இதைச் சொல்லாமல் இருந்திருக்கிறேன் பார். போன வைகாசியில் ஒருநாள் மேல்செட்டைக் கொல்லைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தேன். சோப்புக் கை, வழுக்கித் துவைக்கிற கல்லில் விழுந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, கொட்டாங்கச்சி விழுந்த மாதிரி ஒரு டொக். எடுத்துப் பார்த்தால் முன்பல் இரண்டுக்கும் நட்டநடுவில் பிளந்து இரண்டு பாதி, ஓரத்திலிருந்து நகக்கண் அளவு ஒரு சில்லு தனியாக. மறுநாள் காலையில் காரிமங்கலத்தில் தம்பி பேத்திக்குக் காதுகுத்து. வீடியோக்காரன் "அத்தைப்பாட்டி கொஞ்சம் சிரிங்க" என்பான் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

உனக்கு என் வீம்பு தெரியும். அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே விளக்கை அணைத்த பிறகுதான் செட்டைக் கழற்றுவேன், விடிவதற்கு முன்னால் மாட்டிக்கொள்வேன். மருமகள் வந்து பதினோரு வருஷம், அவள் என் வெறும்வாயைப் பார்த்ததே கிடையாது. அப்படிப்பட்டவள் பிளந்த செட்டோடு யாரிடம் போய் நிற்பது? பெட்டிக்கடையில் அஞ்சு ரூபாய்ப் பசை ஒன்று வாங்கி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒட்டினேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு, அதை வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தது தனிக்கதை. சில்லு ரொம்பச் சின்னது, கையில் நிற்கவில்லை, அதை விட்டுவிட்டேன்.

காலையில் மாட்டினால் ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மயிரிழை அளவுதான் விலகியிருக்கும், ஆனால் வாய்க்கு அது மலை. ஈறு எரிச்சல் வேறு. எப்படியோ சிரித்து வீடியோ எல்லாம் முடிந்தது. பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது கறித்துண்டைக் கடிக்கும்போது வாய்க்குள்ளேயே சடக்கென்று மறுபடியும் பிளந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்து போனவள்தான், நேராக பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து பார்த்தால் இரண்டு பாதி இருக்கிறது, சில்லைக் காணோம். ஒட்டினேனா ஒட்டவில்லையா என்பதே ஞாபகம் இல்லை. கறியோடு விழுங்கிவிட்டேன் என்று முடிவு கட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கத் தொண்டையைத் தடவிக்கொண்டே கிடந்தேன்.

மறுநாள் தர்மபுரி போனேன். பல் டாக்டர் சின்னப் பெண், நம்மிடம் படித்த பிள்ளைகள் வயசுதான் இருக்கும். செட்டை வாங்கிப் பார்ப்பதற்கு முன்னால் அவள் கேட்ட முதல் கேள்வி, "எல்லாத் துண்டும் இருக்காம்மா?" இருமல் இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, எச்சில் விழுங்கினால் குத்துகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இதில் ஒன்று இருந்தாலும் பல்லை விட்டுவிட்டு முதலில் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டுமாம். அந்த ரோஸ் கலர் பிளாஸ்டிக் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாதாம், அதனால் ஒரு துண்டு குறைந்தால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், படம் எடுத்தால் தெரிந்துவிடும் என்று சும்மா இருக்கக் கூடாது என்றாள். கேட்கக் கேட்க எனக்கு வேர்த்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மருமகளிடமிருந்து போன். துவைக்க எடுத்த பழைய சேலையின் முந்தானை முடிச்சில் பல் மாதிரி என்னவோ இருக்கிறது, எறிந்துவிடவா என்று கேட்கிறாள். சில்லறையோடு சேர்த்து நானே முடிந்துவைத்திருக்கிறேன்! பதினோரு வருஷத்து ரகசியம் அன்றைக்கு உடைந்தது. மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்சம் சிரித்தாள், அவ்வளவுதான்.

சரி, பசைக்கு வருகிறேன். உடைந்த மண்சட்டியின் இரண்டு துண்டைச் சேர்த்துவைத்தால் விளிம்பும் விளிம்பும் கச்சிதமாகப் பொருந்தும் இல்லையா, பல்செட்டும் அப்படித்தான். அந்தப் பொருத்தத்தை வைத்துத்தான் டாக்டர் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர முடியும். நான் பசையை ஊற்றி அந்த விளிம்பையே மூடிவிட்டேன். அவள் ஒரு சின்ன மிஷினை வைத்துப் பசையைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள், எடுக்கும்போது செட்டும் கொஞ்சம் தேய்ந்துபோனது. "அப்படியே துண்டா கொண்டு வந்திருந்தா எனக்குப் பாதி வேலைம்மா" என்றாள். அந்தப் பசை வாயின் ஈரத்தில் நிற்காது, வாய்க்குள் வைக்கிற பொருளும் கிடையாது. ஈறு ஏன் எரிந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

ரிப்பேர் செய்கிற இடத்தையும் எட்டிப் பார்த்தேன், வாத்தியார் புத்தி போகுமா? துண்டுகளை மெழுகு வைத்துச் சேர்க்கிறார்கள். அதன் உள்பக்கத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவு கரைத்து ஊற்றி ஓர் அச்சு எடுக்கிறார்கள், கொழுக்கட்டை அச்சு மாதிரி. அப்புறம் துண்டுகளைக் கழற்றி, உடைந்த விளிம்பை இரண்டு பக்கமும் சாய்வாகச் சீவி, நடுவில் வாய்க்கால் மாதிரி இடம் விட்டு, மறுபடி அச்சில் உட்காரவைத்து, ரோஸ் பவுடரும் அதற்கான திரவமும் கலந்து அந்த வாய்க்காலை நிரப்புகிறார்கள். எனக்கு நடுவில் ஒரு கம்பியும் வைத்துக் கட்டினார்கள். இறுகியதும் தேய்த்துப் பாலிஷ். மறுநாள் சாயங்காலம் கையில் கிடைத்தது, எண்ணூறு ரூபாய். அந்தத் திரவத்தின் வாடை போக ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டுவைத்துவிட்டு மாட்டச் சொன்னார்கள். அடுத்த தடவை போனபோது கார்பன் தாள் மாதிரி ஒன்றைக் கடிக்கவைத்து, எங்கே கூடுதலாகப் படுகிறது என்று பார்த்து இரண்டு இடத்தில் ராவி விட்டாள்.

ஆனால் என்னை யோசிக்கவைத்தது வேறு. "கல்லில் விழுந்ததாலதான் உடைஞ்சது" என்று நான் சொன்னதற்கு அவள், "விழுந்தது சாக்கும்மா, கீறல் முன்னாடியே விட்டிருக்கும்" என்றாள். பல் போன பிறகு ஈறுக்கு அடியில் இருக்கிற எலும்பு வருஷா வருஷம் கரைந்துகொண்டே வருமாம். செட்டு கரையாது. அதனால் அண்ணத்தின் நடுமேடு மட்டும் முட்டுக்கொடுக்க, இரண்டு பக்கமும் பிடிமானம் இல்லாமல் செட்டு ஏற்றப்பலகை மாதிரி ஆடும். ஒவ்வொரு தடவை மெல்லும்போதும் நடுவில் கொஞ்சம் வளையும். என் இந்தச் செட்டுக்கு ஒன்பது வயசு, எத்தனை ஆயிரம் தடவை வளைந்திருக்கும்! ஈறோடு படியும்படி உள்பக்கம் புதிதாகப் பூசித் தந்திருக்கிறாள், தை மாதத்துக்குள் புதுசு கட்டிக்கொள் என்று சொல்லியும் அனுப்பினாள். உன்னுடையது எந்த வருஷம் கட்டியது? நாம் ரிட்டையர் ஆன வருஷம்தானே? அப்படியென்றால் அதுவும் பழசுதான், டாக்டர் ஒட்டித் தந்தாலும் மறுபடி உடையலாம், ஈறோடு படிகிறதா என்று கேட்டுப் பார்.

மாப்பிள்ளை மனசு நோகாமல் சொல், பாவம், நல்லதுக்குத்தான் செய்கிறார். ஆன்லைனில் வீட்டு ரிப்பேர் கிட்டு வரவழைக்கிறேன் என்றாராமே, அதுவும் வேண்டாம். பவுடரும் திரவமும் வந்துவிடும், கடி சரியாக விழுகிறதா என்று யார் பார்ப்பது? அதை வாய்க்குள் வைத்தபடியே இறுகவிட்டால் சூடேறி ஈறு வெந்துவிடும். கழன்ற பல்லை ஒரு டப்பியில் போட்டுவை, பேப்பரில் சுருட்டி வைத்தால் குப்பையோடு போய்விடும். கீறல் விட்ட செட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டு, டாக்டரைப் பார்க்கும்வரை மாட்டாதே. அதன் விளிம்பு நாக்கைக் கிழிக்கும், உனக்குச் சர்க்கரை வேறு, ஒரு புண் ஆற நாளாகும். இரண்டு வாரத்தில் ஆறாத புண் என்றால் கட்டாயம் காட்ட வேண்டும், அது செட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். செட்டு நழுவாமல் பிடிக்கத் தடவுகிறோமே ஒரு க்ரீம், அது உடைந்ததை ஒட்டாது, அதையும் முயற்சி செய்துவிடாதே. கழுவும்போது பேசினில் பாதித் தண்ணீர் பிடித்து வை, கீழே ஒரு துண்டைப் போடு. கொதிக்கிற தண்ணீர் ஊற்றாதே, வளைந்துவிடும்.

சாப்பாடு பற்றிப் பேசினாய் அல்லவா. பல் இல்லாமல் நான் இருந்த மூன்று நாளும் ராகிக் களிதான். களியை மென்றால் நம் ஊரில் சிரிப்பார்கள், உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டியதுதானே! கீரைக் கடைசல், கொள்ளு ரசம், இறங்கியதே தெரியவில்லை. திருச்சிக்குப் போய் நீ களியை மறந்திருப்பாய். அதியமான் நெல்லிக்கனி கொடுத்த ஊர்க்காரிகள் நாம், இன்றைக்கு யாராவது ஒரு நெல்லிக்காயை நீட்டினால் ஊறுகாய் போட்டுக் கொடு என்றுதான் கேட்போம்.

மற்றபடி இங்கே மழை பரவாயில்லை. மண்டியில் தக்காளி விலை சரிந்து கிடக்கிறது, பக்கத்து வீட்டில் ஒரு கூடை சும்மாவே கொடுத்தார்கள். பேத்தி பத்தாவது, கணக்கில் தடுமாறுகிறாள், நீ பக்கத்தில் இருந்தால் தேவலை. வீட்டில் இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கே செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எல்லோரோடும் டிவி பார்க்கிறேன். பேரன் முதல்நாள் உற்றுப் பார்த்தான், இரண்டாம் நாளிலிருந்து அவன் கார்ட்டூனைத்தான் பார்க்கிறான்.

அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பையன் திருச்சி வருகிறான், இரண்டு கிலோ ராகி மாவு கொடுத்தனுப்புகிறேன். அதற்குள் டாக்டரைப் பார்த்துவிட்டு போன் பண்ணு. வாயில் பல் இல்லாமலே பண்ணு, நான் புரிந்துகொள்கிறேன்.

உன்
ருக்மணி