ஆல்ப்ஸ் சிற்றாலய ஓவியங்களுக்கு ஒரு வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பிரான்சின் தென்கிழக்கு மலைப்பகுதியைப் பற்றி வெளிவந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். நீஸ் நகரிலிருந்து ரோயா பள்ளத்தாக்கின் வழியாக மலையேறும் ரயிலையும், பாறை விளிம்பில் தொற்றி நிற்கும் ஊர்களையும் கட்டுரையாளர் அழகாகவே எழுதியிருந்தார். ஆனால் லா பிரிக் கிராமத்துக்கு அருகிலுள்ள நோத்ர் தாம் தே ஃபோந்தேன், அதாவது நீரூற்றுகளின் அன்னை சிற்றாலயத்தை, ‘ஆல்ப்ஸ் மலையின் சிஸ்டைன்’ என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டார். இப்பகுதியின் சுற்றுலாக் கையேடுகளும் அந்தப் பெயரையே சொல்வதால் அவரைக் குறை கூறுவதற்கில்லை. எனினும் நீஸில் வசித்து, அந்தச் சிற்றாலயத்துக்குப் பலமுறை சென்று வருபவன் என்ற முறையில், அந்த ஒப்பீடு வாசகரைத் தவறான எதிர்பார்ப்போடு அங்கே அனுப்பிவிடும் என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ரோம் நகருக்குள் அமைந்த வத்திக்கானில் உள்ள சிஸ்டைன் ஆலயம் திருத்தந்தையின் சொந்த ஆலயம். அதன் பக்கச் சுவர்களில் 1481, 1482ஆம் ஆண்டுகளில் பொத்திசெல்லி, பெருஜினோ போன்ற அக்காலத்தின் தலைசிறந்த ஓவியர்கள் வரைந்தார்கள். மைக்கலாஞ்சலோ மேற்கூரையில் பணி தொடங்கியது 1508இல்தான். லா பிரிக்கின் ஓவியர் ஜியோவான்னி கனவேசியோவோ, பினெரோலோவைச் சேர்ந்த ஒரு குருவானவர். மலையூர்களின் கோயில்களில் வரைந்து வந்த அவர், இங்கே தம் பணியை முடித்த நாளாகக் குறித்திருப்பது 1492 அக்டோபர் 12. கொலம்பஸ் கரை கண்ட அதே நாள் என்பதை எல்லா வழிகாட்டிகளும் சொல்லி வியப்பார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த ஓவியங்கள் யாருக்காக வரையப்பட்டன என்பதே. ஆடு மேய்ப்பவரும், உப்பு வணிகப் பாதையில் கோவேறு கழுதைகளோடு மலை கடந்தவரும், எழுத்தறியாத உழவரும் நின்று பார்ப்பதற்கென்றே தீட்டப்பட்ட சுவர்கள் அவை. காட்சிகளின் அடியில் இலத்தீன் வரிகள் இருக்கின்றன; ஆனால் அவற்றைப் படிக்கத் தெரியாதவருக்கும் கதை ஒரு சொல் விடாமல் புரியும்.

கிராமத்திலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தொலைவில், சுற்றிலும் மரங்கள் அடர்ந்த ஓர் ஓடைக்கரையில், வெளியிலிருந்து பார்த்தால் எந்தச் சிறப்பும் தெரியாத கட்டடமாக அது நிற்கிறது. நிலநடுக்கத்தில் ஊரின் ஊற்றுகள் வற்றிப்போக, மக்கள் அன்னை மரியாவிடம் நேர்ந்துகொண்டதும் நீர் மீண்டும் பெருகியதென்றும், அந்த நேர்த்திக்கடனாகவே இந்த ஆலயம் எழுந்ததென்றும் ஊரில் கதை வழங்குகிறது. உள்ளே நுழைந்தால் இரு பக்கச் சுவர்களிலும் இயேசுவின் பாடுகள், அதாவது சிலுவைச் சாவு வரை அவர் பட்ட துன்பங்கள், 25க்கும் மேற்பட்ட காட்சிகளாக விரிகின்றன; நுழைவாயில் சுவர் முழுவதும் இறுதித் தீர்ப்பு. பலிபீடத்தை ஒட்டிய பகுதியின் ஓவியங்களை ஜியோவான்னி பலெய்சோன் என்ற மற்றோர் ஓவியரின் கைவண்ணம் என்கிறார்கள். அவருடைய முகங்கள் மென்மையானவை, வண்ணங்களும் அமைதியானவை. கனவேசியோவிடம் அந்த மென்மை இல்லை. அவர் பார்ப்பவரை உலுக்க விரும்பியவர்.

இயேசுவை முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாஸ் தூக்கில் தொங்கும் காட்சியைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பொதுவாக அந்தப் படம் மட்டுமே தனியாக வெட்டியெடுக்கப்பட்டு அச்சிடப்படுகிறது. விழிகள் பிதுங்கி, வயிறு கிழிந்து, குடல் வெளியே சரிந்திருக்க, அந்தக் கிழிசலுக்குள் கைவிட்டு ஒரு பேய் சிறு மனித உருவம் ஒன்றை இழுத்தெடுக்கிறது. அது யூதாஸின் ஆன்மா. சாகும்போது ஆன்மா வாய் வழியே பிரியும் என்று நம்பிய காலம் அது. இயேசுவை முத்தமிட்ட வாய் என்பதால் அவ்வழியே வெளியேற இயலாமல் வயிற்றைப் பிளந்துகொண்டு வந்தது என்று அக்காலப் போதகர்கள் விளக்கினார்கள். இதை அறியாமல் பார்ப்பவருக்கு அது வெறும் கோரக் காட்சி. அறிந்தவரோ, அந்தச் சுவர்களில் யூதாஸ் பணம் பெறுவதையும், முத்தமிடுவதையும், மனம் வெதும்பிக் காசைத் திருப்பிக் கொடுப்பதையும் தேடிப் பார்ப்பார். ஒரு மனிதன் படிப்படியாகச் சரிந்ததைக் கனவேசியோ அக்கறையோடு பின்தொடர்ந்திருப்பது அப்போதுதான் புலப்படும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இயேசுவைப் பிடிப்பவர்கள், தூற்றுபவர்கள் ஆகியோரின் முகங்களைக் கனவேசியோ வேண்டுமென்றே கோணலாகவும் அருவருப்பாகவும் வரைந்திருக்கிறார். 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பரவியிருந்த, யூதர்களுக்கு எதிரான மறையுரைகளின் தாக்கம் அதில் இருப்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். கலையின் மேன்மையைப் போற்றும் எந்தக் கட்டுரையும் இதை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்தச் சிற்றாலயம் தனித்து நிற்பதும் அல்ல. வெனான்சோன் ஊரின் முகப்பில் உள்ள புனித செபஸ்தியார் சிற்றாலயத்தில் பலெய்சோன் 1481இல் வரைந்தார். பெய்யோன் ஊரில் கனவேசியோவின் பாடுகளின் காட்சிகள் மீண்டும் வருகின்றன. அம்புகள் தைத்த செபஸ்தியாரைக் கொள்ளைநோய்க்குக் காவலராக மலைமக்கள் வேண்டிக்கொண்டார்கள். நோய் ஊருக்குள் நுழையும் வழியிலேயே அவரை நிறுத்திவைத்தார்கள். தமிழகத்தின் கத்தோலிக்க ஊர்களிலும் அம்மை, காலரா காலங்களில் அவரையே நாடினார்கள் என்பதால், நம் வாசகர் பலருக்கு இது அந்நியமான செய்தியாக இருக்காது.

லா பிரிக் மக்கள் இந்தச் சுவர்களைக் காத்துவந்த வரலாற்றுக்கும் அக்கட்டுரையில் இடம் கிடைத்திருக்கலாம். 1860இல் நீஸ் பிரான்சுடன் இணைந்தபோது லா பிரிக்கும் அடுத்துள்ள தாந்தும் இத்தாலியின் பக்கமே தங்கிவிட்டன. 1947இல்தான், இரண்டாம் உலகப் போரை அடுத்த சமாதான உடன்படிக்கைக்குப் பின், அதே அக்டோபர் 12ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் பிரான்சை ஏற்றன. 2020 அக்டோபர் 2ஆம் நாள் அலெக்ஸ் புயல் ரோயா பள்ளத்தாக்கின் சாலைகளையும் பாலங்களையும் அடித்துச் சென்றபோது, மேல்பகுதி ஊர்கள் பலவற்றுக்கு ரயில்பாதையே உயிர்நாடியாக இருந்தது. அத்தகைய ஊரில் ஒரு பழைய கட்டடத்தின் கூரையையும் வடிகாலையும் சீராக வைத்திருப்பதே பெரும் பாடு. ஊற்றுகளுக்கு மேலே எழுந்த கட்டடம் என்பதால் ஈரமே இதற்கு எப்போதும் முதல் எதிரி. ஈரச் சுண்ணாம்புச் சாந்தில் தீட்டிய வண்ணம் சாந்தோடு சேர்ந்து இறுகிவிடும். உலர்ந்த சுவரின் மேல் பிறகு தீட்டிய வண்ணமோ, மேலாக ஒட்டி நின்று, சுவரில் நீர் ஏறி உப்புப் பூக்கும்போது முதலில் உதிர்கிறது. மூச்சுக்காற்றின் ஈரமும், தோள்பைகள் சுவரில் உரசுவதும் அந்தச் சேதத்தை விரைவுபடுத்தும். போகிறவர்கள் பைகளை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்பதைப் பயணக் கட்டுரைகள் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆகவே, தங்கள் இணைப்பில் இந்த மலைச் சிற்றாலயங்களைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் யூதாஸின் படத்தை மட்டும் போடாமல், ஒரு பக்கச் சுவர் முழுவதையும் காட்டும் படம் ஒன்றையேனும் இரு பக்க அளவில் அச்சிட வேண்டும்; ஓவியர்களின் பெயர்களைச் சொல்ல வேண்டும்; ஆலயம் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் என்று எண்ணிப் புறப்படாமல், முன்கூட்டியே விசாரித்துச் செல்லுமாறு வாசகரை அறிவுறுத்தவும் வேண்டும். கட்டுரையாளர் மீண்டும் இப்பக்கம் வருவதானால், வெனான்சோனையும் பெய்யோனையும் உடனிருந்து காட்டுவதற்கு நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
நீஸ், பிரான்ஸ்.