சொந்தமாக எழுத வாரம் ஒரு பாடவேளை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோவில்பட்டியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தமிழ்வழியில் பதினொன்றாம் வகுப்பு முடித்திருக்கிறேன். ஜூன் மாதம் பன்னிரண்டாம் வகுப்பு. அதற்குள் ஒரு கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

2025 ஜூனில் பள்ளி திறந்தபோது, எங்கள் ஆங்கில ஆசிரியை ஆளுக்கொரு 80 பக்க நோட்டு வாங்கச் சொன்னார். வாரம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எதைப் பற்றி என்பது எங்கள் இஷ்டம். கைடைப் பார்க்கக் கூடாது. திங்கட்கிழமை ஆங்கில வகுப்பில் நோட்டை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். அவர் படித்துவிட்டு, கடைசியில் கேள்வி ஒன்று எழுத வேண்டும். 'குட்', 'சூப்பர்' என்று எழுதினால் டீச்சர் ஒத்துக்கொள்ள மாட்டார். படித்ததும் மனதில் என்ன கேட்கத் தோன்றியதோ அதைத்தான் எழுத வேண்டும். இப்படி மார்ச் வரை 31 பக்கம் எழுதியிருக்கிறேன்.

முதல் பக்கத்தை நான் எழுதவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த 'என் லட்சியம்' கட்டுரையை அப்படியே இறக்கி வைத்தேன். டாக்டராகி ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்ப்பேன் என்று அதில் வரும். எனக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். வகுப்பில் இன்னும் ஒன்பது பேர் அதே கட்டுரையை, அதே வாக்கியங்களில் எழுதியிருந்தார்கள். டீச்சர் திட்டவில்லை. என் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி எழுதினார்: நேற்று சாயங்காலம் நீ எங்கே இருந்தாய்?

நேற்று சாயங்காலம் நான் கடலைமிட்டாய் கம்பெனி வாசலில் அம்மாவுக்காகக் காத்திருந்தேன். அம்மா அங்கே பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறார். எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது தெருவெல்லாம் அதே பேச்சு. ஆனால் அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஆங்கிலம் என்றால் தேம்ஸ் நதி, டாஃபடில் பூ, இல்லாவிட்டால் விண்வெளி என்றே நினைத்திருந்தேன்.

இரண்டாவது வாரம் அதை எழுத உட்கார்ந்தேன். பாகு பதத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அகராதியில் 'பதம்' என்று தேடினால் சொல், செய்யுள், பக்குவம் என்று என்னென்னவோ பொருள் போட்டிருந்தது. பக்குவத்துக்குத் தந்திருந்த ஆங்கிலச் சொல்லை எழுதிப் பார்த்தேன். அதில் வெல்லமும் இல்லை, அடுப்பும் இல்லை. பிறகு அம்மா என்ன செய்கிறார் என்பதை மட்டும் எழுதினேன். கொதிக்கும் பாகிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுகிறார். அதை விரலால் உருட்டுகிறார். உருட்டியதைத் தட்டின் விளிம்பில் தட்டுகிறார். கல் விழுந்தது போல் 'டங்' என்று கேட்டால் கடலையைக் கொட்டலாம். கேட்காவிட்டால் இன்னும் கொஞ்சம் கொதிக்க வேண்டும். எல்லாமே மூன்று சொல், நான்கு சொல் வாக்கியங்கள். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அதற்குப் போதுமாக இருந்தது. அந்த இரவு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போதும் சொல்ல முடியவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பக்கத்தைப் படித்த தோழி, 'கை சுடாதா?' என்று எழுதியிருந்தாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். வலது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தழும்பு, வழவழவென்று. நான் பிறப்பதற்கு முந்தின வருடம் பட்டதாம். பதினாறு வருடமாக அந்தக் கையால்தான் எனக்குத் தலை பின்னி விடுகிறார். நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மூன்றாவது வாரப் பக்கம் அந்தத் தழும்பைப் பற்றியது.

இலக்கணமும் இப்படித்தான் வந்தது. ஆச்சியைப் பற்றி எழுதிய பக்கத்தில் எல்லா இடத்திலும் 'தே' என்று போட்டிருந்தேன். டீச்சர் ஆறு இடத்திலும் வட்டம் போட்டு, 'ஆச்சியோடு இன்னும் யார் யார் வந்தார்கள்?' என்று கேட்டார். யாரும் வரவில்லை, ஆச்சி மட்டும்தான் என்றேன். அப்படியானால் 'ஷி' என்று எழுது என்றார். எனக்குக் கை வரவில்லை. 'அவ' என்று சொல்வது போல் இருந்தது. எங்கள் வீட்டில் ஆச்சியை யாராவது அப்படிச் சொன்னால் அப்பா சும்மா விடமாட்டார். அதைச் சொன்னதும் டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டு, 'அவங்க' என்று நாம் மரியாதைக்குப் பன்மை வைக்கிறோம், ஆங்கிலத்தில் ஆச்சிக்கும் 'ஷி'தான், மகாராணிக்கும் 'ஷி'தான், மரியாதையைச் சொல்கிற விதத்தில் காட்ட வேண்டும் என்று கரும்பலகையில் எழுதி விளக்கினார். எங்களில் பாதிப் பேர் எட்டு வருடமாக அந்தத் தவறைச் செய்துகொண்டிருந்தோம். பிரதிப்பெயர்ச் சொல் பயிற்சியில் கோடிட்ட இடத்தை நிரப்பி முழு மதிப்பெண் வாங்கியவர்களும் அதில் உண்டு. கோடிட்ட இடத்தில் ஆச்சி வராததால் தவறு வெளியே தெரியவே இல்லை.

எல்லோருக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். சில பெற்றோர், 'சிவப்பு மை இல்லாத நோட்டு என்ன நோட்டு?' என்று கேட்டார்கள். ஆய்வுக்கு வந்த ஒருவர் எங்கள் நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை பிழைகளைத் திருத்தாமல் விட்டிருக்கிறீர்களே என்று எங்கள் முன்னாலேயே டீச்சரைக் கடிந்துகொண்டார். டீச்சர் தலையைக் குனிந்து நின்றது எங்களுக்குப் பொறுக்கவில்லை. அவர் திருத்தாமல் விடவில்லை. மாதத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்வார். ஜூலையில் இறந்த காலம். ஆகஸ்டில் 'ஏ', 'தி' எங்கே வரும் என்பது. அந்த மாதம் அந்த ஒன்றுக்கு மட்டும் வட்டம் போடுவார், திருத்தி எழுதுவது எங்கள் வேலை. ஒன்பதாம் வகுப்பில் என் கட்டுரை முழுவதும் சிவப்பாகத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஒரு வருடம் நான் கைடில் இல்லாத வாக்கியம் எதையும் எழுதவில்லை. அப்போது என் நோட்டில் பிழையே கிடையாது.

இதற்கு எங்களுக்கு நேரம் கிடைத்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. பதினொன்றாம் வகுப்புக்கு இனிப் பொதுத்தேர்வு இல்லை என்று 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கையுடன் அரசு அறிவித்தது. அதன் பிறகுதான் திங்கட்கிழமை வகுப்பை எங்களால் நிம்மதியாக அனுபவிக்க முடிந்தது. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு வருகிறது. நோட்டு தொடருமா என்று கேட்டோம். டீச்சர் நேராகப் பதில் சொல்லவில்லை, 'போர்ஷன் முடிக்கணும்மா' என்று மட்டும் சொன்னார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொதுத்தேர்வு ஆங்கில வினாத்தாளுக்கு 90 மதிப்பெண். ஒரு மதிப்பெண் வினா 20. அதன் பிறகு இரண்டு, மூன்று மதிப்பெண் வினாக்கள். கடைசிப் பகுதியில் ஐந்து மதிப்பெண் வினா ஏழு. பாடத்தில் வரும் பத்திக்கும் செய்யுளுக்கும் கைடில் விடை தயாராக இருக்கிறது. பொதுக் கட்டுரைக்குக்கூட மழைநீர் சேகரிப்பு, நூலகத்தின் பயன், சாலைப் பாதுகாப்பு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மனப்பாடம் செய்தவருக்கும் யோசித்து எழுதியவருக்கும் அதே மதிப்பெண்தான் என்றால், மார்ச் மாதத்தில் யார் யோசித்துக்கொண்டிருப்பார்கள்? கைடு படிப்பதையும் நான் குறை சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஆங்கிலம் பேசுகிற வீடு ஒன்றுகூட இல்லை. கைடு இல்லாமல் நானும் பத்தாம் வகுப்பில் தேறியிருக்க மாட்டேன். எனக்கு ஆதங்கம் வேறு. தமிழ்வழிப் பிள்ளைகள் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்தும், தன்னைப் பற்றி ஐந்து வரி சொந்தமாகச் சொல்லாமலே பள்ளியைவிட்டு வெளியே போகிறார்கள். என் அண்ணன் அப்படித்தான் போனான். கோயம்புத்தூரில் நேர்முகத் தேர்வில் 'உன் ஊரைப் பற்றிச் சொல்' என்று கேட்டிருக்கிறார்கள். அவனுக்கு நூலகத்தின் பயன்தான் நினைவுக்கு வந்ததாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவன் முகத்தை நான் பார்த்தேன்.

எனவே கல்வித்துறைக்கு என் வேண்டுகோள் இது. எழுத்துத் தேர்வு போக, அக மதிப்பீட்டுக்கு 10 மதிப்பெண் இருக்கிறது. மாணவர் வருடம் முழுவதும் சொந்தமாக எழுதிய நோட்டுக்கு அதில் ஒரு பங்கு கொடுங்கள். வாரத்தில் ஒரு பாடவேளையை அதற்கென்று ஒதுக்குங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஆசிரியர்தான் படிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். அறுபது பேர் வகுப்பில் அது நடக்காத காரியம். எங்களுக்குள் மாற்றிப் படித்துக்கொள்கிறோம், அதுவே பாதி வேலையைச் செய்துவிடும். ஆய்வுக்கு வருபவர்கள் அந்த நோட்டில் பிழைகளை எண்ணுவதைவிட ஒரு பக்கத்தை முழுதாகப் படித்துப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பொதுத்தேர்வுக் காலத்தில் நாளிதழ்களில் வரும் மாதிரி வினா-விடைகளை நானும் கத்தரித்து வைத்துப் படித்திருக்கிறேன். அந்த இடத்தில் வாரம் ஒரு நாள், ஏதாவது ஓர் ஊரைச் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர் ஆங்கிலத்தில் சொந்தமாக எழுதிய ஒரு பக்கத்தை வெளியிட முடியுமா? ஓசூரில் ரோஜா பறிக்கிற வீட்டுப் பிள்ளை, ராமேசுவரத்தில் படகுக்குப் போகிறவர் மகள், யாராக இருந்தாலும் சரி. அவர்கள் என்ன எழுதுவார்கள் என்று படிக்க எனக்கு ஆசையாக இருக்கிறது. படித்துவிட்டு அவர்களுக்கும் ஒரு கேள்வி எழுதி அனுப்புவேன்.

என் நோட்டிலிருந்து கடலைமிட்டாய்ப் பக்கத்தின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். பிழைகளைத் திருத்தவில்லை. கீழே இருக்கும் 'கை சுடாதா?' என் தோழியின் கையெழுத்து.

தங்கள் உண்மையுள்ள,
பன்னிரண்டாம் வகுப்பு செல்லும் மாணவி,
கோவில்பட்டி.