பெரிய மீன் வாங்க முன் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டு வாருங்கள்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஒஸ்கார், அரோவானா என்று பெரிய இரைகொல்லி மீன் கேட்டு வருபவர்களிடம் விலை சொல்ல முன்னமே, வீட்டில் என்ன தண்ணீர் என்று கேட்கிறோம். அதற்கான காரணத்தை இங்கே எழுதுகிறோம்.

புரதம் கூடிய இரை தின்னும் மீன் நச்சான அமோனியாவையும் கூடுதலாகவே கழிக்கும். பில்டரில் வளரும் பற்றீரியாக்கள் அதை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும். கடைசியில் சேரும் நைத்திரேற்றைக் குறைக்கத்தான் கிழமைக்கொருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றச் சொல்கிறோம். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் தோட்டக் காணிகளை அண்டிய கிணறுகளில் இந்தக் கணக்கு பிழைத்துவிடும். செம்மண்ணில் போடும் யூரியாவும் மலசலகூடக் குழிகளின் கழிவும் அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் கிணற்றுக்கு இறங்குகின்றன. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே உண்டு. கிணற்றில் 60 இருந்தால், தினமும் மாற்றினாலும் தொட்டியில் 60க்குக் கீழே இறங்காது. பெரிய மீனுக்கு 40க்குக் கீழே வைத்திருக்க வேண்டும்.

நைத்திரேற்று கூடினால் மீன் உடனே சாகாது, அதனால்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். ஒஸ்காரின் கண்ணுக்கு மேலே, நெற்றியில், ஊசியால் குத்தினதுபோல் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். நாளடைவில் அவை அகன்று வெளிறிப் புண்ணாகும். சத்துக் குறைந்த இரையும் இதற்குச் சேர்ந்த காரணம். தொடக்கத்தில் கண்டு தண்ணீரையும் இரையையும் திருத்தினால் பெரும்பாலும் ஆறிவிடும். தழும்பு மட்டும் நிற்கலாம்.

ஆய்வுகூட அறிக்கை வைத்திருப்பவர்கள் அலகைப் பாருங்கள். "நைத்திரேற்று நைதரசன்" என்று எழுதியிருந்தால் அந்த எண்ணை 4.4ஆல் பெருக்க வேண்டும். அதில் 10 என்றிருப்பது உண்மையில் 44.

கிணறு மோசமென்றால் வழி இருக்கிறது. மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடியுங்கள். முதல் மழையை விட்டுவிடுங்கள். மழைத் தண்ணீரில் கனிமம் இல்லாததால் தனியே ஊற்றினால் அமிலத்தன்மை திடீரென மாறும், கிணற்றுத் தண்ணீரோடு சரிபாதி கலவுங்கள். குழாய்த் தண்ணீரென்றால் குளோரினை முறிக்க 1000 லீற்றருக்கு 10 கிராம் சோடியம் தயோசல்பேற்று போதும். கிணற்றுத் தண்ணீரையும் இறைத்த கையோடு ஊற்றாமல் ஓர் இரவு காற்றேற்றுங்கள். அதில் ஒட்சிசன் குறைவு. மணிப்பிளான்ட் வேரைப் பில்டர் பெட்டிக்குள் விட்டால் அதுவும் நைத்திரேற்றைக் கொஞ்சம் உறிஞ்சும்.

எங்கள் தண்ணீர் காரத்தன்மை கூடியது. 28 பாகை வெப்பத்தில், அமில கார அளவான பி.எச். 7 இலிருந்து 8க்குப் போகும்போது அமோனியாவின் நச்சுப் பங்கு ஏறக்குறைய 10 மடங்காகிறது. ஆகவே புதுத் தொட்டியில் மீனை உடனே விடாதீர்கள். பற்றீரியா பிடிக்க 4 முதல் 6 கிழமை வேண்டும். எங்கள் தொட்டிப் பில்டரின் ஸ்பொஞ்சில் ஒரு துண்டு தருகிறோம், போட்டால் காலம் குறையும். ஸ்பொஞ்சைக் குழாயில் கழுவ வேண்டாம், தொட்டியில் எடுத்த தண்ணீரில் அலசுங்கள்.

தொட்டி அளவில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு ஒஸ்கார் ஓரடிக்கு வளரும்: 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், அதாவது சுமார் 250 லீற்றர். சோடியாக என்றால் 6க்கு 2க்கு 2 அடி, 680 லீற்றர். தண்ணீர் மட்டுமே 680 கிலோ, எனவே சமமான சீமெந்துத் தரை வேண்டும். கண்ணாடி 12 மில்லிமீற்றர். சில்வர் அரோவானா மூன்றடி வரை போகும், திரும்ப மூன்றடி அகலம் வேண்டும். அது பாயும் மீன். மூடிக்குப் பாரம் வையுங்கள். பில்டர் மோட்டர் மணிக்கு தொட்டி அளவின் 5 மடங்காவது சுற்ற வேண்டும்.

கரண்ட் போனால் பற்றரிக் காற்றுப் பம்பைப் போடுங்கள். மூடின கனிஸ்ரர் பில்டர் சில மணித்தியாலம் நின்றால் உள்ளே ஒட்சிசன் தீர்ந்து பற்றீரியா சாகும். கரண்ட் வந்ததும் அந்தக் கெட்ட தண்ணீர் நேரே தொட்டிக்குள் வரும். அதனால் முதலில் குழாயைக் கழற்றி அதை வெளியே ஊற்றுங்கள்.

இரைக்கு முக்கியம் மிதக்கும் உருண்டை இரை. உயிருள்ள கோல்ட்பிஷ் போடுவது வேண்டாம்: நோய் கொண்டுவரும், உயிர்ச்சத்து பி1ஐ அழிக்கும் நொதியும் அதில் உண்டு. நெத்தலி, சூடையிலும் அந்த நொதி இருக்கிறது. குளிரூட்டிப் பெட்டியில் வைத்தாலும் போகாது. வளர்ந்த ஒஸ்காருக்கு ஒன்றுவிட்டொரு நாள் போதும்.

ரெட்டெயில் கற்பிஷ், அலிகேற்றர் கார், கிளவுன் நைஃப் மூன்றையும் நாங்கள் விற்பதில்லை. முதலிரண்டும் எந்த வீட்டுத் தொட்டியையும் மீறி வளரும். மூன்றாவது இலங்கை நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிவிட்டது. வளர்க்க முடியாத மீனைக் குளத்திலோ கிணற்றிலோ விட வேண்டாம், கடைக்குக் கொண்டு வாருங்கள், எடுத்துக்கொள்வோம்.

தண்ணீர் கொண்டு வருவதென்றால் மோட்டரை 5 நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான அரை லீற்றர் போத்தலை அதே தண்ணீரால் மூன்றுமுறை அலசி, விளிம்புவரை நிரப்பி மூடி, அன்றே கொண்டு வாருங்கள். நைத்திரேற்றை அளப்பதற்குக் காசில்லை.

அன்புடன்,
கடையினர், யாழ்ப்பாணம்