ஏரியில் இறங்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குறுகிய கால ஊழியத்துக்காக வெளிநாடு செல்லும் குழுக்கள், நடுவில் ஒருநாள் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு மலைக்கோ ஏரிக்கோ சேர்ந்து போய்வருவது வழக்கம். நல்ல வழக்கம்தான். ஒரே கூரையின்கீழ் பதினைந்து பேர் வாரக்கணக்கில் இருந்தால் மனத்தாங்கல் வராமல் போகாது. ஒருநாள் சேர்ந்து நடந்தால் அதில் பாதி கரைந்துவிடும். எங்கள் குறை வேறு. மருத்துவ முகாமுக்கு நிமிஷக் கணக்கில் திட்டம் போடுகிறவர்கள், இந்த ஒருநாளை மட்டும் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள்.

பலர் இதைக் கடைசி நாளில் வைக்கிறார்கள். மறுநாள் விமானம் ஏறப்போகிறவர்களுக்குள் பிணக்கு தீர்ந்து யாருக்கு என்ன லாபம்? முதல் வாரம் முடிந்ததும், முகங்கள் சுருங்கத் தொடங்கும்போதே போய்வர வேண்டும்.

தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்காவின் பல ஏரிகளிலும் ஆறுகளிலும், மலாவி, விக்டோரியா ஏரிகள் உட்பட, பில்ஹார்சியா என்ற புழுநோய் உண்டு. நீரிலுள்ள நத்தையிலிருந்து வெளிவரும் நுண்புழு, சில நிமிடங்களில் தோலைத் துளைத்து உடலுக்குள் போய்விடும். குடிக்க வேண்டியதில்லை, முழங்கால் அளவு நின்றாலே போதும். ‘உள்ளூர்ப் பிள்ளைகள் குளிக்கிறார்களே’ என்று இறங்குவது பெரிய தவறு. அந்த நோயை அதிகம் சுமப்பவர்களே அந்தப் பிள்ளைகள்தான். கரையேறியதும் துண்டால் துடைத்துக்கொண்டால் சரியாகிவிடும் என்பதையும் நம்ப முடியாது. இன்னொரு தப்புக் கணக்கு, அன்றிரவே பிராசிகுவான்டெல் மாத்திரை போட்டுக்கொள்வது. அது வளர்ந்த புழுவைத்தான் கொல்லும், அப்போதுதான் நுழைந்த குஞ்சுப் புழுவை ஒன்றும் செய்யாது. நீரில் இறங்கியவர்கள் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதுதான் முறை. நீந்தியே ஆக வேண்டுமா? கடலும், குளோரின் போட்ட நீச்சல் குளமும் இந்த நோய்க்குப் பயமில்லாத இடங்கள்.

குடிநீர்க் கணக்கு எளிது: வெயிலில் நடக்கிற நாளுக்கு ஆளுக்கு மூன்று லிட்டர். பதினைந்து பேருக்கு 45 லிட்டர், அதாவது 45 கிலோ. வண்டி நிற்கும் இடத்திலிருந்து நடைபாதை விலகும்போது இதை யார் சுமப்பது என்ற கேள்வி பெரும்பாலும் அங்கே போய் நின்ற பிறகுதான் எழுகிறது. வழியில் ஓடை இருக்கிறதென்றால், நீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆக வேண்டும். 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். குளோரின் மாத்திரை கலங்கல் நீரில் சரியாக வேலை செய்யாது, துணியில் வடிகட்டிவிட்டுப் போடுங்கள்.

நடை நேரத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி. 10 கிலோமீட்டர் நடந்து 600 மீட்டர் ஏறினால் மூன்று மணி நேரம். இது பழகிய கால்களுக்கு. கலவையான குழுவுக்கு அதில் பாதியைக் கூட்டி, சாப்பாட்டு நேரத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும். நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியன் மறைந்தால் அரைமணிக்குள் கும்மிருட்டு. ஆகவே உச்சியை எட்டினாலும் எட்டாவிட்டாலும் திரும்பும் நேரம் இதுதான் என்று காலையிலேயே சொல்லிவிட வேண்டும். மெதுவாக நடப்பவர் முன்னால், நிதானமானவர் ஒருவர் கடைசியில்.

ஆளெண்ணும் விஷயத்தில் நாம் சிரிக்கிற கதை ஒன்று இருக்கிறது, ஆற்றைக் கடந்த சீடர்கள் தன்னைத் தவிர மற்றவர்களை எண்ணிய கதை. குழுத் தலைவர்கள் இன்றும் அதையே செய்கிறார்கள். ஆளுக்கொரு எண் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று அவரவரே குரல் கொடுக்கட்டும். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே சத்தம் இல்லையென்றால் யாரைக் காணோம் என்பது அந்த நொடியே தெரிந்துவிடும்.

மலேரியா வராமல் தடுக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை எடுப்பவர்கள் அன்று கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். விடியற்காலைப் புறப்பாட்டில் வெறும் வயிற்றில் விழுங்கினால் வண்டியிலேயே வாந்திதான். சாப்பிட்ட பின், ஒரு முழு டம்ளர் நீருடன் போட்டுக்கொண்டு, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். அந்த மருந்து தோலை வெயிலுக்குக் கூசவைக்கும் என்பதால் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். முதலில் சன்ஸ்க்ரீன், அதன்மேல் கொசு விரட்டி. வரிசை மாறக்கூடாது.

வண்டி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆரோக்கியமாக வெளிநாடு சென்றவர்களின் உயிரைப் பறிப்பதில் சாலை விபத்துக்கு முக்கிய இடம் உண்டு. பாம்பும் சிங்கமும் எங்கோ பின்னால். எத்தனை சீட் பெல்ட்டோ அத்தனை பேர்தான். லாரியின் பின்பக்கம் வேண்டாம், இருட்டில் பயணம் வேண்டாம். நாளெல்லாம் வெயிலில் காத்துக் கிடந்த ஓட்டுநர் மாலையில் தூங்கி வழிவார். அவருக்கும் நிழலும் சாப்பாடும் உண்டா என்பதைத் தலைவர் பார்க்க வேண்டும்.

காப்பீட்டுத் தாளில் ‘பொருந்தாதவை’ என்ற பகுதியை முன்கூட்டியே படியுங்கள். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மலையேற்றம், மோட்டார் சைக்கிள், ஆழ்கடல் நீச்சல் ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். செலவைக் குழுவினரே பகிர்ந்துகொள்ளட்டும். காணிக்கைப் பணத்தைத் தொட்டால் பிறகு பதில் சொல்லி மாளாது. உள்ளூர் ஊழியர்களை அழைத்தால் அவர்களுடைய நுழைவுக் கட்டணத்தையும் சேர்த்தே கட்டுங்கள், இல்லையென்றால் ஏதோ சாக்குச் சொல்லி வராமல் இருந்துவிடுவார்கள்.

கயிறிழுக்கும் போட்டி போன்றவற்றை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே முறைத்துக்கொள்ளும் இருவரை எதிரெதிர் அணியில் நிறுத்துவதில் என்ன ஐக்கியம் வளரும்? அவர்களை ஒரே பானைக்கு அடுப்பு மூட்ட அனுப்பலாம்.

ஊர் திரும்பிய பிறகும் டாக்ஸிசைக்ளினை நான்கு வாரம் தொடர வேண்டும். ஓராண்டுக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், மருத்துவர் கேட்காவிட்டாலும், எந்த நாட்டில் இருந்தோம், எந்த நீரில் இறங்கினோம் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வெளிநாட்டு ஊழியக் குழுக்களுக்குப் பயிற்சி அளிப்போர்