தொப்பி போட்டவர் பான் ஸ்காட் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முக்கியமான ஆள் போன பிறகும் தொடர்ந்து நடக்கிற ராக் இசைக்குழுக்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபத்தில் பாதியிலேயே மூடிவைத்துவிட்டேன், அதனால் இரண்டாம் தடவை. அதில் ஒரு வரி: "இறந்தவரின் இடத்தில் இன்னொருவரை நிறுத்தி அதே பெயரில் மேடை ஏறுகிறவர்கள் பிணத்தைக் காட்டிக் காசு கேட்கிறவர்கள்." எழுதியவர் சின்னப் பிள்ளையாக இருக்கலாம். அச்சுக்கு அனுப்பிய தாங்கள் அப்படியல்ல என்பதால் தங்களுக்கே எழுதுகிறேன்.

கட்டுரையாளர் கூண்டில் ஏற்றிய முதல் ஆள் ஏசி/டிசி என்ற ஆஸ்திரேலிய ராக் குழு. அதன் பாடகர் பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்று லண்டனில் இறந்தார். அவர் இடத்துக்கு வந்த பிரையன் ஜான்சன் பாடிய 'பேக் இன் பிளாக்' ஆல்பம் ஜூலையில் வந்துவிட்டது. ஐந்தே மாதம். அவசரம்தான், ஒப்புக்கொள்கிறேன். நிறுத்திவிடாதீர்கள் என்று பானின் பெற்றோரே சொன்னதாக அந்தக் குழுவினர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல, கட்டுரையாளருக்குச் சொல்லியிருக்கலாம். அந்த ஆல்பத்தின் அட்டை துக்கத்துக்காக முழுக் கறுப்பு. முதல் பாட்டு சாவு மணியோடு ஆரம்பிக்கிறது. இங்கிலாந்தில் லஃபரோ என்ற ஊரின் மணி வார்க்கும் பட்டறையில் போய்ப் பதிவு செய்த மணி அது. முன் அட்டையில் பானின் படம் இல்லை. காட்டிக் காசு கேட்பதென்றால் முதலில் காட்ட வேண்டாமா ஐயா?

எனக்கு அந்த அட்டையைப் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. 1984ல் திருச்சியில் ஒரு ரெக்கார்டிங் கடையில் வெற்று கேசட் கொடுத்துப் பதிவு செய்து வாங்கினேன். மேலே பால்பாயிண்ட் பேனாவில் பெயர் மட்டும் எழுதியிருந்தது. பாடுவது வேறு ஆள் என்பதே இரண்டு வருடம் எனக்குத் தெரியாது. குரல் கொஞ்சம் கீச்சென்று இருக்கிறதே, கேசட் வேகமாக ஓடுகிறதோ என்று பிளேயரைத்தான் கழற்றிப் பார்த்தேன். ஏனென்றால் கிட்டார் அதே கிட்டார். அந்த 'ஜங் ஜங்' மாறவே இல்லை.

அந்த 'ஜங் ஜங்'குக்குச் சொந்தக்காரர் மால்கம் யங். 1973ல் தம்பி ஆங்கஸோடு சேர்ந்து அந்தக் குழுவை ஆரம்பித்தவர். முன்னால் வந்து குதிக்க மாட்டார், டிரம்ஸ் பக்கத்திலேயே நின்று வாசித்துக்கொண்டிருப்பார். 2014ல் நினைவிழப்பு நோயால் விலகினார். அண்ணன் மகன் ஸ்டீவி அந்த இடத்தில் வந்து நின்றார். 2017 நவம்பரில் மால்கம் இறந்தார். உண்மையிலேயே ஏசி/டிசி இழந்த முக்கியமான ஆள் யார் என்று கேட்டால் நான் இவரைத்தான் சொல்வேன். ஐந்து பக்கக் கட்டுரையில் அவர் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை.

இருக்காது. தங்கள் பத்திரிகைக்கு மைக் பிடித்தவன்தான் மனிதன். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் டிரம்மர் சார்லி வாட்ஸ் இறந்தபோது நாலு வரி அஞ்சலி போட்டீர்கள், மேலே பாடகர் மிக் ஜாகர் படம் போட்டீர்கள்! அதைச் சுட்டி அன்றே ஒரு கடிதம் எழுதினேன், வரவில்லை. குயின் குழுவின் மறைந்த பாடகர் ஃப்ரெடி மெர்குரி பற்றி இதுவரை மூன்று கட்டுரை வந்தாயிற்று. மூன்றும் அவர் படித்த பஞ்ச்கனி பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டவில்லை. குயினின் பேஸ் கிட்டார்காரர் ஜான் டீக்கன், ஃப்ரெடி போனபின் மனசு விட்டுப்போய் 1997க்குப் பிறகு ஒதுங்கிக்கொண்டார். அது எழுத வேண்டிய விஷயமில்லையா? மீதி இரண்டு பேரும் பாடகர் ஆடம் லாம்பர்ட்டைக் கூட்டிக்கொண்டு போகும்போது 'குயின்' என்று மட்டும் போட்டுக்கொள்வதில்லை, நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டு அவர் பெயரையும் சேர்த்துத்தான் போடுகிறார்கள். கட்டுரையாளர் அந்தக் குறியையும் சேர்த்து முழுங்கிவிட்டார்.

நானும் பேஸ் கிட்டார் வாசித்தவன். அந்த ஆதங்கமும் இதில் உண்டு, மறைக்கவில்லை.

எண்பதுகளில் பொன்மலை ரயில்வே காலனியில் நாங்கள் நாலு பேர். ஆங்கிலோ இந்தியர் வீட்டுக் கல்யாணம், கிறிஸ்துமஸ் டான்ஸ் என்று வாசித்துக்கொண்டிருந்தோம். ரிதம் கிட்டார் வாசித்த நண்பன் மஞ்சள் காமாலையில் பத்தே நாளில் போய்விட்டான். ஒரு கல்யாணத்துக்கு முன்னூறு ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தோம், அது ஏற்கெனவே ஸ்பீக்கர் ரிப்பேருக்குப் போயிருந்தது. திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் மூன்று பேராகப் போனோம். முதல் பாட்டு எடுப்பதற்குள் மானம் போயிற்று. 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' சொல்வது எப்போதும் அவன்தான் என்பது மேடையில் நின்ற பிறகுதான் உறைத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம், அப்புறம் ஆளுக்கொரு நேரத்தில் ஆரம்பித்தோம். "இன்னும் நாற்பதுகூட ஆகலை, அதுக்குள்ள கிட்டாரைத் தூக்கிட்டானுங்க" என்று சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர் என் காதுபடச் சொன்னார். தங்கள் கட்டுரையில் இருப்பது அதே வசனம்தான், கொஞ்சம் இலக்கணத்தோடு.

அன்று ராத்திரி வந்த பணத்தை நாலாகப் பிரித்து அவன் பங்கை மறுநாள் அவன் அம்மாவிடம் கொடுத்தோம். அழுவார், வாங்க மாட்டார் என்று நினைத்துப் பயந்துகொண்டே போனோம். வாங்கி எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, "அடுத்தது எப்போப்பா?" என்றார். அதற்குப் பிறகு மூன்று வருடம் வாசித்தோம்.

லெட் செப்லின் குழுவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் கட்டுரை உபதேசிக்கிறது. 1980 செப்டம்பரில் டிரம்மர் ஜான் பானம் இறந்ததும் டிசம்பரிலேயே கலைந்துவிட்டார்கள், உண்மை. எனக்கும் அவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் 2007 டிசம்பரில் அதே பெயரில் லண்டனில் மேடை ஏறியது யார்? டிரம்ஸில் இருந்தது பானமின் மகன் ஜேசன். அதைக் கட்டுரையாளர் எந்தக் கணக்கில் எழுதுவார்? ஜாய் டிவிஷன் பையன்கள் இன்னொரு வழி பார்த்தார்கள். யார் போனாலும் இந்தப் பெயர் வேண்டாம் என்று முன்பே பேசிவைத்திருந்தவர்கள், பாடகர் இயன் கர்டிஸ் இறந்ததும் நியூ ஆர்டர் என்று மாற்றிக்கொண்டார்கள். அப்படி மாற்றிக்கொண்ட பின் வந்த முதல் சிங்கிளே கர்டிஸ் இருந்தபோது உருவான பாட்டு. பெயரை விட்டுவிட்டுப் பாட்டை எடுத்துப்போனார்கள். இவர்கள் காசு கேட்டவர்களா, கேட்காதவர்களா? பிங்க் ஃப்ளாய்ட் கதைக்குள் போனால் இந்தக் கடிதம் முடியாது. அந்தக் குழுவை ஆரம்பித்தவர்களில் ஒருவரான சிட் பாரெட் விலகிய பிறகு அவர் நினைவாகவே அவர்கள் பாட்டு செய்துகொண்டிருந்த நாளில், 1975ல், தலையும் புருவமும் மழித்துக்கொண்டு அவரே ஸ்டுடியோவில் வந்து நின்றார். கூட வாசித்தவர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. இது தெரிந்த யாரும் அந்த ஒரு வரியை அவ்வளவு சுலபமாக எழுதிவிட மாட்டார்கள்.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மறுப்புக் கட்டுரை கேட்கவில்லை, வருத்தம் தெரிவிக்கச் சொல்லவில்லை. கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் 'மறைந்த பான் ஸ்காட்' என்று போட்டு ஒரு படம் வந்திருக்கிறது. தட்டைத் தொப்பி போட்டுக்கொண்டு வாயைத் திறந்து நிற்கும் அந்த மனிதர் பிரையன் ஜான்சன். உயிரோடுதான் இருக்கிறார். அடுத்த இதழில் ஒரு மூலையில் ஒரு வரித் திருத்தம் போட்டால் போதும். இடம் இருந்தால் மால்கம் யங் படம் ஒன்று, ஸ்டாம்ப் அளவுக்குப் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
22 ஆண்டு சந்தாதாரர்,
பொன்மலை, திருச்சி.

பி.கு.: இந்த மாத இதழ் இன்னும் வந்து சேரவில்லை.