செஸ் புரோகிராம் ஆய்வும் ஆய்வுதான்

சென்னைக் கல்லூரி, பல்கலைக்கழகக் கணினி அறிவியல் துறைகளின் ஆய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். பகலில் ஓ.எம்.ஆரில் மென்பொருள் வேலை, இரவில் செஸ் புரோகிராம் எழுதுவது என்று இருப்பவன் நான். பகுதிநேர பிஎச்டிக்கு அதையே தலைப்பாகக் கொண்டுபோனபோது ஒரு குழுவில் கேட்டார்கள்: "1997லேயே ஐ.பி.எம்.மின் டீப் ப்ளூ கணினி உலக சாம்பியன் காஸ்பரோவை ஜெயிச்சாச்சே, இனிமேல் இதில் என்ன ஆராய்ச்சி?" கேட்டவர்கள் மேல் எனக்கு வருத்தம் இருக்கிறது. ஆனால் பதில் சொல்லாமல் விட்டால், அடுத்து வரும் மாணவரும் அதே கேள்வியோடு திரும்பிப் போவார்.

உலக சாம்பியனை இயந்திரம் தோற்கடிக்குமா என்ற ஒரே ஒரு கேள்விக்குத்தான் 1997 பதில் சொன்னது. அந்த டீப் ப்ளூவின் வேரே பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் கார்னகி மெலனில் ஃபெங்-ஷியுங் ஷூ, மர்ரே கேம்பெல், தாமஸ் அனந்தராமன் போன்ற ஆய்வு மாணவர்கள் செய்த டீப் தாட் என்ற செஸ் கணினிதான் அதற்கு முன்னோடி. அப்புறம் 2017இல் ஆல்ஃபாஜீரோ என்ற புரோகிராம் தனக்குத் தானே ஆடிக் கற்றுக்கொண்டது. 2018இல் யூ நசு ஜப்பானிய ஷோகி ஆட்டத்துக்காக உருவாக்கிய என்.என்.யு.இ. என்ற சிறிய நரம்பு வலைப்பின்னல், 2020இல் ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச செஸ் புரோகிராமுக்குள் வந்து அதன் பலத்தை ஒரேயடியாகக் கூட்டியது. அதற்கு கிராஃபிக்ஸ் கார்டுகூட வேண்டாம், சாதாரண பிராசஸரே போதும். முடிந்துபோன துறையில் இப்படி நடக்குமா?

இந்தத் துறையின் கண்டிப்பும் எனக்குப் பிடிக்கும். புரோகிராம் விதிகளைச் சரியாகப் பின்பற்றுகிறதா என்று பார்க்க 'பெர்ஃப்ட்' என்றொரு சோதனை உண்டு. ஆட்டத் தொடக்கத்திலிருந்து சாத்தியமான நகர்த்தல் வரிசைகளையெல்லாம், ஒரு பக்கத்தின் ஒவ்வொரு நகர்த்தலையும் ஓர் அடுக்காக வைத்து எண்ண வேண்டும்: 20, 400, 8,902, 1,97,281, ஐந்தாவது அடுக்கில் 48,65,609. இரண்டு கட்டம் தாண்டி வந்த எதிரிச் சிப்பாயை, ஒரே கட்டம் நகர்ந்ததுபோல் பாவித்து 'ஆன் பாசான்' முறையில் வெட்டும் விதியை எழுத மறந்திருந்தால் நாலாவது அடுக்கு வரை எல்லாம் சரியாகவே வரும். ஐந்தாவதில்தான் 258 குறையும். ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றும் காஸ்லிங்கை விட்டிருந்தால் ஏழாவது அடுக்கு வரை தெரியவே தெரியாது. ஆய்வு மாணவருக்கு இதைவிட நேர்மையான வாத்தியார் கிடைப்பாரா?

இனி இதில் என்ன இருக்கிறது என்றால், நம் ஊரிலேயே இருக்கிறது. ஆனந்த் வளர்ந்த ஊர், 2024இல் உலக சாம்பியனான குகேஷின் ஊர், 2022இல் பக்கத்து மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்த ஊர். இங்கே பயிற்சி வகுப்பில் ஒரு சிறுமி ஸ்டாக்ஃபிஷைத் திறந்தால் அது +0.8 என்று காட்டும், அதாவது வெள்ளைக்குக் கொஞ்சம் சாதகம். ஏன் என்று சொல்லாது. அதை அவளுக்குப் புரியும் தமிழில் சொல்லும் புரோகிராமை யார் எழுதுவது? மனிதர்கள் ஆடுவதுபோலவே, அவர்கள் செய்யும் தவறுகளோடு ஆடப் பழக்கிய மாயா என்ற ஆய்வு டொராண்டோ, கார்னெல் பக்கம் நடந்தது. அதற்கான மாணவர்களும் ஆட்டக்காரர்களும் இங்கே இல்லையா என்ன?

நான் கேட்பது பெரிய நிதியல்ல. புரோகிராமில் செய்த ஒரு மாற்றம், ஆட்டத் திறனை அளக்கும் எலோ கணக்கில் 5 புள்ளி கூட்டியதா என்று உறுதியாகச் சொல்லப் பல்லாயிரம் ஆட்டங்கள் ஓட வேண்டும். ஸ்டாக்ஃபிஷே அதற்குத் தன்னார்வலர்கள் தரும் கணினிகளை நம்பித்தான் இருக்கிறது. இரவில் சும்மா கிடக்கும் ஆய்வகக் கணினிகளைக் கொடுங்கள். முடிவுகளைச் சரிபார்க்கப் புள்ளியியல் துறையிலிருந்து ஒரு துணை வழிகாட்டியை அனுமதியுங்கள். பலன் தராத யோசனையையும், முறையாகச் சோதித்திருந்தால், ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

தலைப்பைப் பார்த்ததும் ஒதுக்கிவிடாமல், ஓடுகிற புரோகிராமையும் சோதனைப் பதிவுகளையும் கொண்டுவரச் சொல்லி ஒரு மணி நேரம் கொடுங்கள். கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆய்வில் சேரக் காத்திருக்கும் ஒரு சென்னைவாசி