சர்வேயருக்கு இரண்டே வரியா?

ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலியாவைத் தெற்கு வடக்காகக் கடந்த பர்க் பயணம் பற்றிய கட்டுரை படித்தேன். தலைவருக்குப் பத்தி பத்தியாக இடம், சர்வேயர் வில்ஸுக்கு இரண்டே வரி. கொஞ்சம் அநியாயம்தான்.

1860 ஆகஸ்டில் மெல்போர்னிலிருந்து கிளம்பிய அந்தக் குழுவுக்கு வழி காட்டியதே வில்ஸின் கணக்குதான். பகலெல்லாம் நடந்துவிட்டு, இரவில் நட்சத்திர உயரம் அளந்து இருக்கும் இடத்தைக் குறித்து வைப்பார். வடக்கே போய்விட்டு 1861 ஏப்ரல் 21 மாலை, வழியில் இருந்த கூப்பர் கிரீக் முகாமுக்குத் திரும்பினால், அங்கே காத்திருந்தவர்கள் அன்று காலைதான் கிளம்பிப் போயிருந்தார்கள்!

அப்புறம், அங்கே அவர்கள் தின்ற நார்டூ. நம் வயலோர ஆரைக்கீரையின் இனம். அங்குள்ள யாண்ட்ருவாண்டா மக்கள் அதன் வித்துக்கூட்டைப் பக்குவமாக அரைத்து உண்பார்கள். பக்குவம் தவறினால் உடம்பில் பி1 வைட்டமின் தங்காது என்கிறார்கள். வயிறாரத் தின்றும் உடல் இளைத்துக்கொண்டே போவதை வில்ஸ் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இறந்தபோது வயது 27. வடக்கே போய்வந்தவர்களில், அந்த மக்களோடு சேர்ந்துகொண்ட கிங் என்பவர் மட்டும் பிழைத்தார்.

அந்த யாண்ட்ருவாண்டா மக்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் அந்த இரண்டு வரி கூட இல்லையே?

– வாசகர், கும்பகோணம்